சின்னத்துரையின் விரிப்பு

சேங்கொட்டையின் மூக்கில் ஊசியைக் குத்தியதும் உள்ளிருந்து தேன் நிறத்தில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்து நின்றது. துணியில் வைத்தால் அது சற்று நேரத்தில் கறுத்துவிடும். கறுத்த பிறகு அந்தத் துணி கந்தலாகும் வரை போகாது. டோபி காட் என்கிற எங்கள் வண்ணார் துறைக்கு வெளுக்க வரும் புதுத் துணிகளுக்கெல்லாம் வீட்டுக்கொரு குறி உண்டு. மேட்டுப் பங்களாவுக்கு ஒரு கோடும் இரண்டு புள்ளியும். துணியின் ஓரத்தில், மடிப்பில் மறைகிற இடமாகப் பார்த்துக் குறி வைத்து, அதன்மேல் உடனே சுண்ணாம்பைத் தடவிவிட வேண்டும். தடவாமல் விட்டால் தோல் பொத்துப் போகும் என்று அப்பா முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கும் அது பொத்ததில்லை. பிறந்தது முதல் அந்தப் பாலிலேயே புழங்கிய கைகள். அதனால் அவர் சொன்னது எனக்கு மழையில் நனையாதே என்று சொல்வதைப் போலத்தான் இருந்தது.

குறி வைக்கிற வேலை எனக்கு வந்தது பள்ளிக்கூடம் நின்ற பிறகு. மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். புத்தகத்தை மற்றவர்களுக்கு முன்பே படித்து முடித்துவிடுவேன். ஆனால் எழுந்து நின்று வாசி என்று டீச்சரம்மா சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு வருஷம் அடித்தும் பொறுத்தும் பார்த்தார்கள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளை வாய் திறக்காமல் இருக்கும்போது படிக்கிறதா இல்லையா என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார்கள். அம்மா என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் என்னை வெள்ளாவிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாள். துவைகல்லில் ஈர விரலால் எழுதிப் பார்ப்பேன். இரண்டாவது வரி எழுதி முடிப்பதற்குள் வெயில் முதல் வரியைத் தின்றுவிடும்.

அன்று காலை வடிவேலு மாமா இரண்டு புது விரிப்புகளைக் கொண்டுவந்து கல்லின் மேல் வைத்தார். அவர் மேட்டுப் பங்களாவில் நாயைப் பார்த்துக்கொள்கிறவர். நாயும் கூடவே வந்திருந்தது. புல்டாக் என்று அந்த ஜாதிக்குப் பெயர். பங்களாக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் டியூக். மாமா கூப்பிடுவது சின்னத்துரை என்று. அகன்ற மார்பும் வளைந்த கால்களும் நசுங்கிய மூக்குமாக, வெயிலில் பத்தடி நடந்தாலே கொல்லன் துருத்தி போல மூச்சு விட்டது.

"என்னா புள்ள பூவம்மா, இன்னைக்கும் வாய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?" என்றார் மாமா. பதிலுக்குக் காத்திருக்காமல் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே அவர் வந்தால் எனக்கு மூச்சு சரியாக வரும்.

நாயின் முகத்தை மடியில் சாய்த்து, மூக்குக்கு மேலிருந்த மடிப்பைக் கட்டைவிரலால் தூக்கிக் காட்டினார். உள்ளே சிவந்து கசிந்திருந்தது. "பாத்தியா. காலையிலதான் தொடச்சேன். ரெண்டு நாயிக்கு வெட்டுன தோலை ஒரு நாயிக்குத் தச்சிட்டான். மடிப்புக்கு மடிப்பு வேர்வை. வால் அடியில ஒரு குழி இருக்கு, அங்க தொடைக்கலன்னா நாறிப் போவும். கால்ல விரலுக்கு விரலு கொப்புளம். ஊரு நாயிங்க சாக்கடையில படுத்து எந்திரிச்சுப் போவுது, ஒண்ணும் ஆவறதில்ல. இவரு சீமையில இருந்து கப்பலேறி வந்தவரு, இவருக்கு இந்த ஊரு வெக்கை ஆவாது."

மடிப்புகளைத் துடைத்தபின் நாமக்கட்டியை மாவாக அரைத்துத் தூவுவார். அரிசி மாவு போட்டால் வேர்வையில் கூழாகிப் புண்ணை அதிகமாக்கும் என்று அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். நெற்றிச் சுருக்கத்தில் வெள்ளை வெள்ளையாக நிற்கும். பெருமாள் கோயிலுக்குக் கிளம்பிட்டாரா என்று அம்மா கேட்டால், "ஆமா ரத்தினம்மாக்கா, புளியோதரை வாங்கத்தான்" என்பார்.

அந்த விரிப்புகள் பங்களாத் துரைசானியின் உத்தரவு. நாயின் வயிற்றில் வேர்க்குரு மாதிரிச் சிவந்திருந்ததாம். அடிவயிற்றில் அதற்கு மயிரே கிடையாது, குழந்தையின் தோல் மாதிரி இருக்கும். அதனால் இனி வெறும் தரையில் படுக்கக் கூடாது, வெந்நீரில் அவித்த வெள்ளை விரிப்பில்தான் படுக்க வேண்டும், தினமும் ஒன்று மாற்ற வேண்டும் என்று சொல்லி, தடித்த துணியில் இரண்டு தைத்துக் கொடுத்திருந்தாள்.

மாமா போன பிறகு நான் ஊசியை எடுத்தேன். ஒரு கோடு, இரண்டு புள்ளி போட்டிருந்தால் அரை நிமிஷ வேலை. அப்பா துணி கொடுக்கப் போயிருந்தார். அம்மா ஓடையில் நின்றாள். அவ்வளவு பெரிய வெள்ளைத் துணி என் முன்னால் விரிந்து கிடந்தது, ஒரு சுருக்கமில்லாமல். இது மேசைக்குப் போவதில்லை, விருந்தாளி பார்க்கப் போவதில்லை, நாய் படுப்பதுதானே என்று நினைத்தேன். நட்டநடுவில், சாண் அகலத்துக்கு, சின்னத்துரை என்று எழுதினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கொட்டை ஆயிற்று. முதல் எழுத்தின் மேல் சுண்ணாம்பைத் தடவியதும் கோடு கலங்கி ஓரமெல்லாம் ஊறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சுண்ணாம்பைத் துடைத்து எடுத்துவிட்டு, மற்ற எழுத்துகளுக்குத் தடவாமலே விட்டேன். வெள்ளாவியில் வேகும்போது எல்லாம் அடங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது விரிப்பில் எழுத்து இன்னும் நன்றாக வந்தது. அதில் சுண்ணாம்பைக் கிட்டவே கொண்டுபோகவில்லை.

வெளுத்ததை வாங்க வந்த மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. "என்னாது இது, இம்மாம் பெருசா?" என்று கேட்டார். "சின்னத்துரை" என்றேன். என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. அவர் விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, நாயைப் பார்த்துக் குனிந்து, "டேய், ஒம் பேர எழுதியிருக்கா பாருடா! எம் பேரையே இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதினதில்லடா" என்றார். அன்று முழுவதும் என் கால் தரையில் பாவவில்லை.

பத்து நாள் கழித்து நாயின் வயிற்றில் கொப்புளம் கண்டது. மடிப்பில் வருகிற புண்ணாக இருந்தால் மாமாவுக்குக் கை தெரியும். இது மடிப்பே இல்லாத இடத்தில், நடு வயிற்றில், கைப்பிடி அளவுக்கு வீங்கி நீர் கோத்து உடைந்தது. துரைசானி விரிப்பை இரண்டு வேளையும் மாற்றச் சொன்னாள். ஒன்று அவிந்துகொண்டிருக்கும்போது மற்றது நாயின் அடியில் கிடந்தது. நாங்கள் அவித்து அவித்துக் கொடுத்தோம். என் எழுத்து ஒரு சாயலும் மங்காமல் போய் வந்தது. நாய் இராப்பகலாக நக்கியது. நக்கிய இடம் கன்றியது. காலால் சொறிய முடியாமல் வயிற்றைத் துணியில் தேய்த்துத் தேய்த்து முன்னால் நகர்ந்தது. பிறகு பங்களாவின் மூன்று வயதுப் பெண் குழந்தைக்குக் கன்னத்திலும் முழங்கையிலும் அதே மாதிரிக் கொப்புளம் வந்தது. மத்தியானத்தில் நாயைக் கட்டிக்கொண்டு அதே விரிப்பில் தூங்குகிற குழந்தை அது.

அந்த வியாழக்கிழமை சேங்கொட்டை தீர்ந்துவிட்டதால் சிராங்கூன் சாலையில் நாகூர் கனி கடைக்குப் போனேன். மாமாவும் கந்தகம் வாங்கக் கூட வந்தார். மாட்டு வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். நாகூர் கனி நாட்டு மருந்துக்கடை வைத்திருப்பவர்; மாமா அவரை நானா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவார். கல்லாவுக்குப் பின்னால் காலை மடக்கி உட்கார்ந்தபடி, எழுந்திருக்காமலே ஐம்பது டப்பாவையும் எட்டி எடுப்பார்.

"வாங்க வடிவேலு. யாருக்கு மருந்து, ஒமக்கா, தொரைக்கா?"

"சின்னத்தொரைக்கு, நானா. கந்தகம் குடுங்க. நல்லெண்ணெயில கொழச்சுப் போடலாம்னு."

"நாயிக்கு வைத்தியம் கேக்கவே நாள் பூரா வர்றாரு லா இந்த மனுசன். நமக்கு முதுகு வலின்னா எட்டிப் பாக்கறதில்ல. புண்ணு எப்படி இருக்கு, சொல்லும்."

மாமா சொன்னார். சொறி மாதிரிப் பொடிப்பொடியாக இல்லை, மயிர் கொட்டவில்லை, காதில் இல்லை, முழங்காலில் இல்லை. நெருப்புச் சுட்ட மாதிரி ஒரே இடத்தில் பொங்கி நீர் வடிகிறது. நாகூர் கனி கந்தகத்தை நிறுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். மற்ற கையில் எனக்காக அள்ளிய சேங்கொட்டை இருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத உரிக்கிற பொம்பளைங்க புதுசா வந்தா கையெல்லாம் அப்பிடித்தான் பொங்கும். இது பட்ட மாதிரியில்ல இருக்கு நீர் சொல்றது."

மாமா சிரித்தார். "நாயி என்னா சேங்கொட்டையா உரிக்கிது? நல்லா சொன்னீங்க போங்க."

"அட, தோணுனதச் சொன்னேன். இந்தாரும் கந்தகம்" என்று அவரும் சிரித்தார்.

எனக்குக் காதுக்குள் ஓடைச் சத்தம் கேட்டது. விரிப்பின் நடுவிடம், வயிற்றின் நடுவிடம், குழந்தையின் கன்னம். சேங்கொட்டைப் பொட்டலத்தை அவர் இரண்டாம் தடவை நீட்டிய பிறகே நான் வாங்கியதை மாமா பார்த்தார். வெயில் என்று நினைத்தார். திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். கப்பலிலிருந்து இறக்கிய அன்று அது குட்டி, வாந்தி எடுத்து எடுத்து மெலிந்திருந்தது, தூக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டதும் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துச் சப்பியது என்றார். நான் மூன்று தடவை "மாமா" என்றேன். மூன்று தடவையும் "என்னா புள்ள?" என்று நின்று கேட்டார். மூன்று தடவையும் ஒன்றும் வரவில்லை. "சரி, வீட்டுக்குப் போய் மோரு குடி" என்றார்.

வெள்ளிக்கிழமை குதிரை டாக்டர் பங்களாவுக்கு வந்தார். குதிரைக்கும் நாய்க்கும் அவர்தான். நாயை எட்ட நின்று பார்த்தார், குழந்தையின் கன்னத்தைக் கிட்டே பார்த்தார். ஒட்டுகிற சொறி, நாயிடமிருந்து குழந்தைக்கு வந்தது, இந்த ஜாதி நாய்க்கு இந்த ஊரில் தோல் ஒருநாளும் சரியாகாது என்றாராம். நாய் தொட்ட துணிகளை எரித்துவிட வேண்டும். நாயைத் திங்கட்கிழமை சுட்டுவிட வேண்டும். இதைச் சமையற்காரர் துணி மூட்டையோடு வந்து எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை அப்பா இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்து சொன்னேன். என் ஆயுளில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. சுண்ணாம்பு தடவாததையும் சொன்னேன். அப்பா கரியை ஊதுவதை நிறுத்தவில்லை. சாம்பல் அவர் புருவத்தில் படிந்தது.

"எவ்ளோ பெருசா எழுதின?"

காட்டினேன்.

"ரெண்டுலயுமா?"

தலையாட்டினேன். அவர் இஸ்திரிப் பெட்டியின் மூடியைச் சாத்தினார். பிறகு ரொம்ப மெதுவாக, என்னைத் திட்டாமல், அதுதான் எனக்குத் தாங்கவில்லை, சொன்னார்: "இந்த அழகப்பன் குறி வச்ச துணி உடம்பச் சுடுதுன்னு ஒரு வீட்டுல தெரிஞ்சா, நாளைக்கு ஒரு வீட்டுலயும் நமக்குத் துணி போட மாட்டாங்க. தொரை வீட்டுக் கொழந்தைக்கு வேற பொங்கியிருக்கு. போலீசு கூப்புட்டாலும் கூப்புடுவான். நீ பள்ளிக்கூடத்துல வாயத் தொறக்கலன்னு எவ்ளோ அடி வாங்கின? இப்பவும் தொறக்காத தாயி."

எழுந்து பங்களாவுக்குப் போனார். எரிக்கச் சொன்னார்களாமே என்று கேட்டு, அங்கிருந்த விரிப்பையும் வாங்கி வந்தார். இரண்டையும் வெள்ளாவி அடுப்பில் திணித்தார். ஈரத்துணி புகைந்தது. அம்மா பக்கத்தில் வராதே என்று என்னைத் தள்ளினாள். அந்தப் புகை பட்டால் கண்ணும் பொத்துப் போகுமாம்.

சனிக்கிழமை மத்தியானம், சாட்சிக்கு வேறு ஒன்றும் இல்லாததால், ஒரு கொட்டையைக் குத்தி என் இடது முன்கையின் உள்பக்கத்தில் எழுதினேன். அதே பெயர், அதே அளவு. சுண்ணாம்பு தடவவில்லை. பொங்கினால் காட்டலாம். வாயால் சொல்ல வராததைத் தோல் சொல்லிவிடும் என்று நினைத்தேன். சாயங்காலம் வரை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தாவணிக்குள் கையை மறைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது எடுத்துப் பார்த்தேன். எழுத்து கறுத்து அழகாக இருந்தது. தோல் கொஞ்சமும் சிவக்கவில்லை. சொறிந்து பார்த்தேன். உப்பு வைத்துத் தேய்த்தேன். தேங்காய் நாரால் உரசினேன். உரசிய இடம் சிவந்து, சற்று நேரத்தில் பழையபடி ஆயிற்று. வண்ணார வீட்டுத் தோல் அது. ஒரு கடுகளவு கொப்புளம் கொடு என்று டேங்க் ரோட்டுக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் எவ்வளவு சின்னது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அம்மாவிடம் சொல்லாமல் மேடேறிப் போனேன். மாமா லாயத்துக்குப் பின்னால் நாயைக் குளிப்பாட்டி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துகொண்டார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த துக்கம் இல்லை.

"வா புள்ள, வா, இங்க வந்து பாரு." நாயைப் புரட்டி வயிற்றைக் காட்டினார். வீக்கம் வடிந்திருந்தது. புண்ணின் ஓரமெல்லாம் பொருக்குத் தட்டி, பொருக்கு உதிர்ந்த இடத்தில் வெளிர்சிவப்பாகப் புதுத்தோல் ஓடியிருந்தது. "மூணு நாள்ல பாரு. கந்தகம் கேட்டுடுச்சு. தொரைகிட்ட ரெண்டு நாள் தவணை கேட்டேன். டாக்குட்டரு சொன்னா சொன்னதுதாங்கறாரு. இன்னும் ரெண்டே நாள். ஆறிடுச்சுன்னா அவரு கண்ணுக்கே தெரியுமில்ல?"

ஆற்றியது கந்தகம் இல்லை. விரிப்பு இல்லாத மூன்று நாள்.

"நாந்தான் மாமா" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. "என் எழுத்துதான். சேங்கொட்டை. சுண்ணாம்பு தடவல."

அவர் சிரிக்கப் போய்ப் பாதியில் நின்றார். நாகூர் கனியின் கடை அவர் கண்ணில் வந்து போனதை நான் பார்த்தேன். நாயின் மேலிருந்த கை அப்படியே இருந்தது.

"அன்னைக்கே தெரியுமா ஒனக்கு? நானா கடையிலயே?"

தலையாட்டினேன்.

"அந்தத் துணி எங்க?"

"அப்பா எரிச்சிட்டாரு."

அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருக்கலாம். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, மறுகையில் நாயின் கயிற்றோடு, பின்கட்டு வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். கும்பிட்டுக்கொண்டே துரைசானியைக் கூப்பிட்டார். அவள் வெளியே வந்தாள். வெள்ளை உடுப்பு, எங்கள் கஞ்சி, எங்கள் இஸ்திரி. மாமா மலாயில் மளமளவென்று சொன்னார்: நாய்க்குச் சொறி இல்லை, துணியில் வைத்த குறி, இந்தப் பெண்தான் வைத்தாள், கேட்டுப் பாருங்கள், இவளையே கேட்டுப் பாருங்கள். அவள் என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்ற அதே நிமிஷம் திரும்பி வந்தது. நாக்கு போய் ஒட்டிக்கொண்டது.

"சொல்லு புள்ள. தாயே, சொல்லு."

நான் தாவணியை விலக்கிக் கையை நீட்டினேன். துரைசானி குனிந்து பார்த்தாள். அவளுக்கு அந்த எழுத்து எழுத்தாகக்கூடத் தெரிந்திருக்காது. விரல் நுனியால் தொடப் போய்த் தொடாமல் நிறுத்திக்கொண்டு, கனிவாகத்தான், "சாக்கிட்?" என்று கேட்டாள். வலிக்கிறதா என்று.

ஆமாம் என்றிருக்கலாம். ஒரு தலையசைப்பு போதும். ஆனால் அவள் என் கையைப் பார்த்துக் கேட்டாள், என் கை வலிக்கவில்லை. தலை தானாக, உண்மையாக, இல்லை என்று ஆடிவிட்டது.

சுடாத குறியைப் பார்த்துவிட்டவளாகத் துரைசானி நிமிர்ந்தாள். மாமாவைப் பார்த்து வருத்தமாக ஏதோ சொன்னாள். நாயை நீ எவ்வளவு நேசித்தாய் என்று எனக்குத் தெரியும் என்பதுபோல. நேசித்தாய் என்றுதான், முடிந்துபோனதைப் போல. உள்ளே குழந்தை அழுதது. அவள் போய்விட்டாள்.

மாமா என் மணிக்கட்டை விட்டார். அவர் விரல் இருந்த இடம் குளிர்ந்தது. வாசல் பக்கமிருந்து துரையின் கிடங்குக் காவல்காரர் வந்துகொண்டிருந்தார், தோளில் துப்பாக்கியோடு. வயதானவர். நாயைப் பார்த்ததும் அவருக்கும் முகம் சங்கடப்பட்டது. பேசாமல் வந்து கயிற்றின் நடுவில் கை வைத்தார். மாமா நுனியை விடவில்லை. அவரும் பிடுங்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் சின்னத்துரை உட்கார்ந்திருந்தது. வெளியே போகப் போகிறோம் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. குட்டை வாலை அசைத்து, மூச்சு இரைக்க, மாமாவின் முகத்தைப் பார்த்தது, காவல்காரரின் முகத்தைப் பார்த்தது, முதலில் யார் நடக்கப் போகிறார்கள் என்று.